பந்தைத் தொடாதவன்

பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், டோக்கன் எல்லாம் கிடையாது, அதனால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்க தம்பி என்று மதினி சொல்லிவிட்டுப் போனாள். தீட்டி என்ன, இந்த மூன்றாம் மாடி வராண்டாவில் பாலகுரு என்று வேறு யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள். முதலில் அண்ணனையும் மதினியையும்தான் உள்ளே கூப்பிட்டார்கள். மதினி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள், நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள், பிறகு கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொண்டது. அடுத்தது நான். வாங்கிக்கொள்கிறவரைத் தனியாக, கொடுக்கிறவனைத் தனியாக விசாரிப்பது உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியின் வழக்கம். கொடுக்கிறவன் நான். இடது பக்கத்துச் சிறுநீரகம். இடதுதான் எடுக்கத் தோது என்று படம் போட்டுக் காட்டினார்கள், அன்றிலிருந்து எனக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பது எந்நேரமும் தெரிகிறது, படுத்தால் தெரிகிறது, குனிந்தால் தெரிகிறது. உள்ளே போய்ச் சம்மதம் என்று சொன்னால் வியாழக்கிழமை ஆபரேஷன். இல்லை என்று சொன்னால் கிடையாது. எதைச் சொல்லப் போகிறேன் என்று கதவு வரைக்கும் வந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. பினாயில் வாடை தொண்டையில் போய் நிற்கிறது. யோசிக்க வேண்டாம் என்று போனை எடுத்தேன். முப்பத்தேழு வயது ஆள், ஆஸ்பத்திரி வராண்டாவில், ஜப்பான் பள்ளிக்கூடப் பையன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் படக்கதையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலி அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். ஜப்பான் படக்கதைக்கு மாங்கா என்று பெயர், மாங்கா படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் கடைப் பையன்கள் உப்பும் மிளகாய்த்தூளும் வேணுமாண்ணே என்பார்கள், அதனால் சொல்வதில்லை. பாலிடெக்னிக் படித்த காலத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் தொற்றிய பழக்கம். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், முதலில் ஹெல்மெட், பிறகு கண், பிறகு பல்லைக் கடித்த வாய். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தொகுதி முழுவதையும் நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகவே படித்தேன். பையன்கள் முதலில் விழுந்தார்கள், பிறகு ஓடினார்கள், அதற்கப்புறம் ஓடலாமா என்று கூடிப் பேசினார்கள். ஜப்பான்காரன் ஏதோ ஆழமாகச் சொல்கிறான் போலிருக்கிறது என்று மரியாதையோடு படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, மதுரையில் யாருக்குத் தெரியும். முட்டை மாதிரிப் பந்து, பக்கத்துக்குப் பதினொரு பேர், நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னால் போக வேண்டும். முன் வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள், ஐந்து பேருக்கும் கழுத்தே கிடையாது, என்னை மாதிரி. அதில் ஒருவன் ஓனோ. ஊரில் பொதுக் குளியல் கூடம் நடத்துகிறவர் மகன். அவன் பந்தைப் பிடிக்க மாட்டான், எறிய மாட்டான், தூக்கிக்கொண்டு ஓட மாட்டான். பின்னால் ஒருவன் பந்தை எறிவதற்காக நிற்பான், அவனை எதிராளி வந்து அமுக்கிவிடாமல் மறித்து நிற்பது மட்டும்தான் வேலை. எங்கள் தெரு கிரிக்கெட்டில் ஸ்டம்ப் இல்லாத நாளில் இவனைத்தான் ஸ்டம்பாக நிறுத்துவோம் என்று என்னைக் காட்டி அண்ணன் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரிப்பான். அதில் பாதி உண்மை. அப்படி நின்றவனுக்கு, குண்டுப் பையன்கள் இல்லாவிட்டால் தொடங்கவே முடியாத ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும். மைதானத்தில் அத்தனை பேரும் பந்தைப் பார்த்தார்கள், நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓனோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது திறந்திருப்பது நான் திரும்பத் திரும்பப் படிக்கிற அத்தியாயம். அரையிறுதி ஆட்டத்தின் கடைசி வாய்ப்பு. மொத்தம் ஐந்து நொடி நடக்கிறது, அதற்கு நாற்பது பக்கம். எதிரே நிற்கிற ராட்சசப் பையன் ஓனோவின் நெஞ்சில் இடித்த அந்த நொடியில் கதை அப்படியே நின்றுவிடும், ஓனோ யோசிக்க ஆரம்பித்துவிடுவான். குளியல் கூடத்துக் கொதிகலன், வெந்நீர் வாளியைத் தூக்கித் தூக்கிக் கூன் விழுந்த அப்பா, மூன்றாம் வகுப்பில் தன்னைப் பார்த்துச் சிரித்த பெண் கேலியாகச் சிரித்தாளா சும்மா சிரித்தாளா, காலுக்கு அடியில் ஈரப்புல் வழுக்குகிறது, பின்னால் பந்தோடு நிற்கிற தகேடா எறிந்துவிட்டானா இல்லையா, திரும்பிப் பார்க்க முடியாது. இதற்காகத்தான் படிக்கிறேன். யாருமே பார்க்காத ஒரு பையனின் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒருவன் மெனக்கெட்டு நாற்பது பக்கம் வரைந்திருக்கிறான். நிஜ ஆட்டத்தை ஒரு நாள் விடிகாலை எழுந்து போனில் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது. அங்கே ஐந்து நொடி என்றால் ஐந்து நொடிதான். இடித்தார்கள், விழுந்தார்கள், விளம்பரம் போட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த விளையாட்டே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. பிறகு எது பிடித்தது என்றால், விழுந்தவன் எழுந்துவிடுகிறான், அது பிடித்தது. எப்பேர்ப்பட்ட அடியும் அடுத்த அத்தியாயம் வரைக்கும்தான். விலா எலும்பு ஒடிந்தவன் அடுத்த வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அதே வரிசையில் குனிந்து நிற்பான். இங்கே அப்படி இல்லை, எடுத்தால் எடுத்ததுதான். ஒன்றை வைத்துக்கொண்டே நூறு வயது வாழலாம் என்கிறார்கள், சரி, வாழலாம், அந்த ஒன்றும் மக்கர் பண்ணினால் எனக்கு யார் கொடுப்பார்கள்? மயக்க மருந்து கொடுத்த பிறகு விழிக்காமலே போய்விட்டால்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

அதுதான். யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மதினிக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. அக்காவுக்குச் சர்க்கரை. இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நான்தான் மிச்சம். அப்போது அக்கா சொன்னாள், உனக்கென்னடா, ஒண்டிக்கட்டை, பெண்டாட்டியா பிள்ளையா என்று. தப்பாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் மீன் முள் மாதிரி மாட்டிக்கொண்டு இன்னும் இறங்கவில்லை. கல்யாணம் ஆகாதவனுடைய சிறுநீரகம் பொதுச் சொத்தா? அம்மா அன்று ராத்திரி என் தட்டில் ஒரு இட்லி கூடுதலாக வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் எடை அதிகம், குறைத்துவிட்டு வந்தால்தான் கொடுக்க முடியும் என்றார்கள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவர்கள் எடையைக் குறை என்று சொன்னதும் எனக்கு ஓனோ ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் பயிற்சி என்று ஒரு பாகம் வரும், பனியில் டயரை இழுப்பார்கள், கைகளில் ரத்தம் கட்டும், படிக்கப் படிக்க நமக்கும் எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். நான் எழுந்து ஓடினேன். மறுநாள் விடிகாலையிலேயே வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். பரோட்டாவை விட்டேன், டீயில் சர்க்கரையை விட்டேன், மூச்சு இரைக்க இரைக்க ஓனோ இன்னும் ஒரு சுற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டை தொளதொளத்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை எல்லாரும் பார்த்தார்கள். பாருங்க, அண்ணனுக்காக எப்படி இளைச்சிட்டான் என்று தெருவே பேசியது. நான் இளைத்ததைப் பார்த்தே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும்கூட அப்படித்தான் எடுத்துக்கொண்டேனோ என்னவோ. அந்தக் கதைகளில் பயிற்சி முடிந்தால் தானாகப் போட்டி வந்துவிடும், போட்டி வேண்டுமா என்று நடுவில் ஒரு பக்கம் இருக்காது. நான் பயிற்சிக்குத்தான் ஆசைப்பட்டேன். போட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை, யோசித்தபோது தேதி குறித்துவிட்டார்கள்.

போன வாரம் டாக்டர் பிலோமினா என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உங்களுக்கு இஷ்டம் இல்லையென்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், ஏதோ ஒரு டெஸ்ட் பொருந்தவில்லை என்று நான் வீட்டாரிடம் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்றார். கமிட்டி கேட்கும் நாள் வரைக்கும் நேரம் இருக்கிறது, அங்கேயே சொன்னாலும் சரி, அவர்களும் வெளியே விட மாட்டார்கள் என்றார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோசித்துச் சொல்றேன் டாக்டர் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து, தப்பிக்க டாக்டர் திறந்துவிட்ட அந்தச் சின்ன வாசலைத்தான் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பொய், அதுவும் நான் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் சொல்லுவார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டால் போதும். பாவம், அவனும் எவ்வளவு பாடுபட்டான் என்று எனக்கும் சேர்த்து அழுவார்கள். இப்படி நினைக்கும்போதே உடம்பு கூசுகிறது, கூசியதும் கோபம் வருகிறது, கோபம் வந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. அதனால் கோபத்தையே கிளறிக்கொண்டிருக்கிறேன். டவுன் ஹால் ரோட்டுக் கடையில் முன்னால் உட்கார்ந்து கிரைண்டர் விற்கிறது அண்ணன், பின்னால் தகரக் கொட்டகையில் ரிப்பேர் பார்க்கிறது நான். வருகிறவர்கள் ஜெகதீசன் கடை என்பார்கள், கிரைண்டர் நன்றாக ஓடினால் ஜெகதீசன் கெட்டிக்காரன் என்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அண்ணன்தான் பேசினான், அந்த வீட்டார் கடைசிவரை அவனைப் பார்த்தே சிரித்தார்கள், பதில் வரவில்லை. ஒரு வார்த்தை, டேய் உனக்குச் சம்மதமாடா என்று ஒரு வார்த்தை அவன் கேட்டிருக்கலாம் இல்லையா. கேட்டிருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். அவன் கேட்கவில்லை, அதனால் இல்லை என்று சொல்ல எனக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவன் கை கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. டயாலிசிஸுக்கு ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன கை, அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவது போல அதிரும். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சப்புவான், பிள்ளைகள் ஐஸ்கிரீம் சப்புகிற மாதிரி. அதைப் பார்க்க மாட்டாமல் நான் கொட்டகைக்குப் போய்விடுவேன். அடுத்த வருஷமும் அப்படியே சப்பிக்கொண்டிருப்பானா, இருப்பானா. போன் திரை அணைந்து கிடந்தது. கதவு திறந்தபோதுதான் கவனித்தேன்.

மதினியின் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். எல்லாம் நல்லாக் கேட்டாங்க தம்பி, சொத்து விவரம்கூடக் கேட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல உங்களைக் கூப்பிடுவாங்களாம் என்றாள். அண்ணன் அவளைக் கீழே போய் எனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னான். இப்போது எதற்குக் காப்பி என்று அவள் கேட்டதற்கு, வாங்கிட்டு வா நாகு என்று மட்டும் சொன்னான். அவள் லிஃப்ட் வரைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு என் முழங்காலில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வந்தான். அவன் மூச்சில் மருந்து வாடை. நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"டாக்டரம்மா உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாங்கள்ல?" என்றான்.

எனக்குப் பகீரென்றது. சொல்லிவிட்டாரா? யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாரே. ஆமா, சும்மா டெஸ்டைப் பத்தி, என்று மென்று விழுங்கினேன்.

"நான்தான் பேசச் சொன்னேன். இவன்ட்ட வீட்ல ஒருத்தரும் கேக்கல, நீங்க தனியாக் கேளுங்கன்னு. வேணாம்னு சொன்னா டெஸ்ட் சேரலைன்னு எங்கிட்ட சொல்லிருங்க, நான் நம்பிக்கிறேன்னு சொன்னேன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்த வாசல் டாக்டர் திறந்தது இல்லையா. இவன் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஒரு வாரமாக ஐஸ்கட்டி சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தானா. நீயே கேட்டிருக்கலாமேண்ணே என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டது.

"நான் கேட்டா நீ சரின்னுதான்டா சொல்லுவ. ஸ்டம்பா நில்லுன்னாலும் நின்ன. அதனாலதான் கேக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. உள்ள போயி வேணாம்னு சொல்லு. நான் வாரத்துக்கு மூணு நாள் மிஷின்ல படுத்துக்கிறேன், பழகிருச்சு."

பழகவில்லை. போன மாதம் மிஷினில் படுத்திருக்கும்போதே ரத்த அழுத்தம் விழுந்து அவன் கண் மேலே செருகியதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதையும் ஒரு நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டு விட்டான். கடை, ரிப்பேர், பெண் வீடு, கேட்கவில்லை, கேட்கவில்லை என்று நான் அடுக்கி வைத்ததெல்லாம் இல்லை என்று சொல்வதற்குத்தானே. அவன் கேட்காததற்கு இப்படி ஒரு காரணம் இருந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு மறுப்பது. அத்தனையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது பயம் ஒன்றுதான். சுத்தமான, காரணம் தேவைப்படாத பயம், வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம், செத்துப்போவேன் என்ற பயம். இது முதலிலிருந்தே இருந்தது, நான்தான் மேலே கோபத்தைப் போட்டு மூடி வைத்திருந்தேன். ஓனோ இந்த இடத்தில் என்ன செய்வான் என்று யோசித்தேன். ஓனோவுக்குச் சிறுநீரகமே வரையவில்லை. அவன் நாற்பது பக்கம் பயப்படுவான், ஆனால் மனதுக்குள்ளேதான், பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது, கடைசிப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவான். அதைத்தான் வீரம் என்று இத்தனை வருஷம் நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பாலகுரு என்று நர்ஸ் கூப்பிட்டாள். எழுந்தபோது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான், பிடித்துவிட்டு உடனே விட்டுவிட்டான்.

உள்ளே நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஓரமாக ஒருவர் கேமராவை முக்காலியில் வைத்துக்கொண்டு நின்றார். நடுவில் இருந்தவர் தலை நரைத்தவர், ரிட்டயரான தலைமையாசிரியர் மாதிரி இருந்தார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். பெயர், வயது, அண்ணனுக்கு என்ன முறை என்று எல்லாம் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றார், இல்லை என்றேன். பணம் தருகிறேன், பங்கு தருகிறேன் என்று யாராவது சொன்னார்களா என்றார், இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஏசி ஓடியும் முதுகில் வேர்வை இறங்குகிறது. இந்த அறை அவ்வளவு ஒன்றும் பெரிது இல்லை, கதவும் பிளைவுட் கதவுதான், வெளியே யாரோ இருமுவதுகூடக் கேட்கிறது. உங்கள் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்கச் சம்மதமா, கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் நரைத்தவர். நான் கேமராவைப் பார்த்தேன். கண்ணாடி வட்டத்தில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது, இளைத்த பிறகு எனக்கே பழகாத முகம். நேரம் போகிறது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பயமா இருக்கு சார்" என்றேன்.

நரைத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா, தயங்காமல் சொல்லுங்கள், இது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று மெதுவாகக் கேட்டார். நல்ல மனிதர். டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"இல்ல சார். குடுக்குறேன். பயமாவும் இருக்கு. ரெண்டும் அதுல பதிவாகட்டும்."

கேமராக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். குரல் சரியாக விழவில்லை, மன்னிக்கணும், இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சத்தமாகச் சொன்னால் வெளியே நாற்காலியில் இருக்கிறவனுக்குக் கேட்டுவிடும். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன், இரண்டையும்.